மார்கழியில் ஒரு விசேஷம்

இந்தப் பக்கமா உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். நேத்து ஒரு அம்மா உக்காந்து விழுந்துபோட்டாங்க. யாரைச் சேத்திருக்கறீங்க? அப்பாவா? மூச்சுத் திணறலா? பயப்படாதீங்க. இந்த ஜில்லாவுல இதைவிட நல்ல ஐசியூ கெடையாது. இந்த ஆஸ்பத்திரிய நடத்தற யுனிவர்சிட்டி ஆளுதானுங்க நான். ஆஸ்பத்திரிப் பக்கம் இல்ல, ஆபீஸ் பக்கம். பேரு சென்னியப்பன். வெளிப்படுத்தல் அலுவலர்.

முழிக்கறீங்க பாருங்க! எல்லாரும் அப்படித்தான் முழிப்பாங்க. அது என்ன வேலைன்னு சொல்றேன். நேரம் இருக்குது, பார்வையாளர் நேரத்துக்கு இன்னும் எவ்வளவோ கெடக்குது.

உள்ள இருக்கறது என்ற சம்சாரம் சுலோச்சனா. இந்தக் கதவை ஒட்டுன மொதப் பெட்டு. சித்தெ காது குடுத்துக் கேளுங்க. புஸ்ஸு... புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுங்களா? அவளுக்கு மூச்சு உடற மெசினு அதுதான். கார்த்திகை தீபத்தன்னிக்கு வாசல்ல வெளக்கு வெக்கப் போனவ அப்படியே சாஞ்சுபோட்டா. மூளையில ரத்தம் கட்டிருச்சுன்னாங்க. அன்னையில இருந்து நான் இந்தச் சேருல உக்காந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டே இருக்கறேன். அது கேட்டுதுன்னா எனக்கு சோறு எறங்கும், இல்லீன்னா எறங்காது.

ஆனா இன்னைக்கு சந்தோஷமா இருக்கறேனுங்க. நாளைக்கு வெள்ளிக்கெழம அவளை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். பதிவாளரே காலையில வந்து சொல்லிப்போட்டாரு. அதோட கோட்டையில இருந்து செயலாளரும் எங்கூட்டுக்கு வர்றாருங்க. இந்தக் கவர்மெண்டுல எத்தனை பெரிய பதவி அது! என்ற மாதிரி ஒருத்தன் ஊட்டுக்கு வர்றாருன்னா சும்மாவா?

எப்படி வர்றாருன்னு கேக்கறீங்களா? அது என்ற வேலையோட மகிமை.

எங்க யுனிவர்சிட்டியில இல்லாத படிப்பு கெடையாதுங்க. ஒவ்வொண்ணுக்கும் அனுமதி வேணும். அனுமதி தானா நடந்து வருமா? யாராச்சும் சென்னைக்குப் போகோணும், கோட்டையில பெரியவங்களைப் பாக்கோணும், சால்வை போடோணும், ஃபைல் எங்க நிக்குதுன்னு விசாரிக்கோணும், சித்தெ தள்ளி உடுங்கன்னு கேக்கோணும். அந்த வேலைய வருசக்கணக்கா நான்தான் பாத்துட்டிருந்தேன். கோட்டையில எனக்கு வணக்கம் சொல்லாத லிப்ட்காரன் கெடையாதுங்க.

அப்பத்தான் அந்த விதி வந்து சேந்துச்சு. இனிமே எந்த யுனிவர்சிட்டியா இருந்தாலும் அவிய ஆளு எந்த அமைச்சரை, எந்தச் செயலாளரை, எந்த ஆய்வுக்குழுக்காரரைப் பாத்தாலும், யாரைப் பாத்தோம், எங்க பாத்தோம், என்ன கேட்டோம்னு மூணு மாசத்துக்கு ஒருக்கா எழுதி, கவர்மெண்டு அதுக்குன்னு போட்ட ஆணையத்துக்கு அனுப்பிரோணும். ஆணையம் அதை அப்படியே வெப்சைட்டுல போட்டுரும். ரோட்டுல போறவன்கூடப் படிச்சுக்கலாம். யுனிவர்சிட்டி மொதலாளி, எங்க வேந்தர் ஐயாவுக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லீங்க. பதிவாளர் தெய்வசிகாமணி சார் என்னைக் கூப்பிட்டு, "யாரைப் பாத்தீங்கன்னு உங்களுக்குத்தான தெரியும் சென்னியப்பன், எழுதற வேலையும் நீங்களே பாருங்க"ன்னு தனி ரூமு, ஏசி, வாசல்ல போர்டு எல்லாம் போட்டுக் குடுத்துட்டாரு.

மொதல் தடவை நான் வெகுளியா உள்ளது உள்ளபடி எழுதிப்போட்டேன். யார் ஊட்டுக்குப் போனோம், மாம்பழக் கூடை யாரு தூக்குனாங்க, அந்தம்மா மாம்பழம் புளிக்குதுன்னு சொன்னது, எல்லாம். பதிவாளர் படிச்சுப்போட்டு தலையில கைய வெச்சுக்கிட்டாரு. "ஏய்யா, நீ என்ன அரிச்சந்திரனுக்கு அக்கா மகனா?"ன்னாரு. கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எழுதுனேன். எல்லாத்தையும் மரியாதை நிமித்தச் சந்திப்புன்னு போட்டேன். ஒரே செயலாளர் மேல ஒரே மாசத்துல இத்தனை மரியாதை எதுக்குன்னு ஆணையம் திருப்பிக் கேட்டுச்சு. நக்கலைப் பாருங்க.

அதுக்கப்பறம்தானுங்க நான் அந்த விதிய வரி வரியா உக்காந்து படிச்சேன். கவர்மெண்டு பேப்பரை என்ற மாதிரி படிக்கறவன் கெடையாது. கடைசிப் பக்கத்துல ஒரு வரி. குடும்ப நிகழ்ச்சியில விருந்தாளியாக் கலந்துக்கறப்ப பாத்துப் பேசுனா அதை எழுத வேண்டியதில்லை. ஒரு அதிகாரி சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போகாம இருக்க முடியுமா, அதுக்காகப் போட்டிருந்தாங்க. நான் படிச்சப்ப எனக்கும் ஒண்ணும் தோணலீங்க. ஆனா அந்த வாரமே ஒரு கல்யாணத்துல சாப்பிட்டுட்டு கை கழுவப் போனேன். அங்க பாத்தா எங்க பதிவாளரும் ஒரு இணைச் செயலாளரும் பேசின் பக்கத்துல நின்னு சிரிச்சுப் பேசிட்டிருக்கறாங்க. ஈரக் கையோட! அந்த நிமிசம் எனக்குப் பளிச்சுன்னுச்சு. விழுந்தடிச்சு ஓடிப் போயி பதிவாளர்கிட்ட சொன்னேன். அவர் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு.

பொறவென்னங்க, எங்க யுனிவர்சிட்டியில விசேஷத்துக்குப் பஞ்சமே இல்ல. ஒரு கிளார்க்கு பையனுக்குக் காது குத்துனோம். அக்கவுண்ட்ஸ் அம்மா ஒருத்தருக்கு புதுமனை புகுவிழா. மண்டபம், சமையல், சீருத் தட்டு எல்லாம் வேந்தர் ஐயா செலவு. எங்காளுக வாயப் பொளந்துட்டாங்க. அதிகாரி வருவாரு, கொழந்தைக்கு அட்சதை போடுவாரு, எலையில உக்காருவாரு, கை கழுவ எந்திரிப்பாரு. வேந்தர் ஐயா பேசின் பக்கத்துல துண்டோட நிப்பாரு. கை தொடைக்கற நேரம் போதுமுங்க, ஒரு ஃபைல் நகந்துரும். காதும் காதும் வெச்ச மாதிரி. அந்த மூணு மாசம் நான் ஆணையத்துக்கு அனுப்புனதுல சந்திப்பு எதுவும் இல்லைன்னு ஒரே வரி. சட்டப்படி அது சுத்தமான உண்மை.

சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க. இன்னும் கேளுங்க. ஒருக்கா அவசரத்துக்கு எந்த ஊட்டுலயும் விசேஷம் இல்ல. லைப்ரரியில ஒருத்தருக்கு ஒரு பொண்ணு. அது பெரியவளாகி ரெண்டு வருசம் ஆச்சு, சீரெல்லாம் அப்பவே முடிஞ்சுது. இருந்தா என்னன்னு மறுபடியும் அதுக்கே சீரு வெச்சோம். பட்டுச் சேலை, ஓலைக் குடிசை, மைக் செட்டு, எல்லாம் புதுசா. அந்தப் புள்ளை மேடையில உக்காந்து அழுதுட்டே இருந்துச்சு. வந்தவங்க வெக்கப்படுதுன்னு நெனச்சுக்கிட்டாங்க. அதுங்கப்பனும் ஒரு ஓரமா நின்னு மூஞ்சியத் தொடச்சுட்டு இருந்தான். நான் போயி, "ஏம்ப்பா, ஓசியில இத்தனை பெரிய சீரு யாருக்குக் கெடைக்கும்?"னு கேட்டேன். அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டானுங்க. சில பேருக்கு நல்லது செஞ்சாலும் தெரியாது.

இருங்க, அந்த நர்சு வெளிய வந்துச்சே, என்னைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரிப் போகுது. டூட்டி மாறுது போல. தெனமும் "அப்பா, சாப்டீங்களா"ன்னு கேக்கற புள்ளை.

எங்க விட்டேன்? ஆங். என்ற மக கல்யாணம்.

சௌந்தர்யா. ஒரே மக. தை மாசத்துல கல்யாணம்னு பேசி முடிச்சிருந்தோமுங்க. அதுக்கு முந்தி ஆடியில மெடிக்கல் சீட்டு ஃபைல் கோட்டையில போயி நின்னுருச்சு. வேந்தர் ஐயா என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, "நம்ம பொண்ணு கல்யாணத்தச் சித்தெ முன்னாடி வெச்சுக்கலாமா சென்னியப்பன்?"னாரு. நம்ம பொண்ணுன்னாருங்க! எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. சரீங்க ஐயான்னுட்டேன்.

சுலோச்சனா கேட்டுப்போட்டு அடுப்படியிலயே உக்காந்துட்டா. "ஆடியில கல்யாணமா? கேட்டா ஊரு காறித் துப்பாதா? மாப்ள ஊட்டுல என்ன சொல்லுவீங்க?"ன்னா. மாப்ள ஊட்டுக்கு வேந்தர் ஐயாவே காருல போயிட்டாருங்க, அப்பறம் யாரு வாயைத் தொறப்பா? கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. என்ன, முகூர்த்த நேரத்துக்கு அப்ப இருந்த செயலாளரோட காரு வந்து சேரலை. காத்திருந்தோம். முகூர்த்தம் தாண்டிப்போச்சு. அவர் வந்து உக்காந்த பொறவுதான் கெட்டிமேளம். சௌந்தர்யா தலைய நிமித்தவே இல்ல. மாப்ள கையில தாலிய வெச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருந்தாரு, பாவம்.

அன்னைக்குப் பொழுதோட மண்டபத்தைக் காலி பண்ணிட்டு ஊட்டுக்கு வந்தோம். சுலோச்சனா நகையெல்லாம் கழட்டி வெச்சுட்டு எங்கிட்ட ஒண்ணு சொன்னா. "எம் பொண்ணு கல்யாணம் அவியளுதாப் போச்சு. என்ற சாவாச்சும் எனக்குன்னு உடுங்க"ன்னா. எப்படிக் கோவம் பாருங்க! நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சா அது? நானும் கோவத்துல ரெண்டு வார்த்தை பேசிப்போட்டேன். அதுக்கப்பறம் அவ எங்கிட்ட வேலைக்குத் தக்கன பேசுவா, அவ்வளவுதான். சாப்பிடுங்க, குளிங்க, கதவைச் சாத்துங்க. இப்ப உள்ள கெடக்கறவகிட்ட நான் தெனமும் பேசறேன். ஊட்டுக்கு வந்ததும் ஆடிக் கல்யாணத்துக்கு மன்னிப்புக் கேட்டுர்றேன்னு சொல்லிருக்கறேன். நேத்து என்ற வெரலைப் புடிச்சாளுங்க. சத்தியமா! சுண்டு வெரலை. சித்தெ நேரம்தான், ஆனா புடிச்சா.

எனக்குத் தாங்கலை. ஓடிப் போயி அந்தச் சின்ன டாக்டர்கிட்ட சொன்னேன். டாக்டரம்மா, கண்ணாடி போட்ட புள்ளை. அது வந்து பாத்துட்டு, "நல்ல அறிகுறிதான் அங்கிள், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாம்"னுச்சு. பெரிய டாக்டர் மட்டும் எப்பவும் ஒதட்டப் பிதுக்குவாரு. இன்னைக்குக் காலையில அந்தப் புள்ளையத் தேடுனேன். கிராமத்து முகாமுக்கு அனுப்பிட்டாங்களாம். பாவம், நல்ல டாக்டரு.

நான் சொல்ல வந்தது அது இல்லீங்க. அந்த ஆடிக் கல்யாணத்துல ஒரு வம்பு வந்துருச்சு. எவனோ ஒரு பத்திரிகைக்காரன், ஆடியில எவன் ஊட்டுல கெட்டிமேளம் கொட்டுது, அதுக்கு யாரு யாரு போனாங்கன்னு எழுதிப்போட்டான். ஆணையம் புடிச்சுக்கிச்சு. இனிமே குடும்ப நிகழ்ச்சின்னா வழக்கமா நடக்கற நிகழ்ச்சியா இருக்கோணும், வழக்கமான காலத்துல, அவியவிய ஊட்டு ஆளுகளுக்கு நடக்கோணும்னு கறாரா ஒரு உத்தரவு. அப்ப நான் விட்டனா? சந்தேகம்னு ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன். துக்கம் குடும்ப நிகழ்ச்சியில சேருமா சேராதா? உடம்பு முடியாதவங்களைப் பாக்க ஒரு அதிகாரி வந்தா அது சேருமா? பதில் வந்துச்சு. துக்கம் சேரும், எழுத வேண்டாம். உடம்பு முடியாதவங்களைப் பாக்கறது நிகழ்ச்சியே இல்ல, அதை எழுதியாகோணும். இந்த ரெண்டும் இன்னைக்கு எல்லா யுனிவர்சிட்டிக்கும் பொது. கேட்டு வாங்குனது நான். ஒரு பெருமைதான், வேறென்ன.

டீ சொல்லட்டுங்களா? கீழ கேண்டீன்ல என்ற பேரைச் சொன்னாப் போதும். வேண்டாமா? சரி.

இப்ப வந்திருக்கற செயலாளர் புதுசுங்க. நெம்ப சுத்தமான மனுசன். எழுத வேண்டிய எடத்துக்கு வரவே மாட்டாரு. எங்க நர்சிங் காலேஜு ஃபைலு அவர் மேசையில கெடக்குது. தை பொறக்கறதுக்குள்ள கையெழுத்து ஆகலீன்னா இந்த வருசம் போச்சு. கட்டடம் கட்டி, புள்ளைகளைச் சேத்து, பீஸும் வாங்கியாச்சு. போன வாரம் பதிவாளர் ரூமுல வேந்தர் ஐயாவும் இருந்தாரு, என்னைக் கூப்பிட்டாங்க. நான் இங்கிருந்து அப்படியே எந்திரிச்சுப் போனேன்.

"எந்த ஸ்டாஃப் வீட்டுலயாவது எதாவது விசேஷம் இருக்கா சென்னியப்பன்?"னு பதிவாளர் கேட்டாரு.

"மார்கழிங்க சார். கல்யாணம், காதுகுத்து, புதுவீடு எதுவும் யாரும் வெக்க மாட்டாங்க. வெச்சா ஆணையம் புடிச்சுக்கும்"னு சொன்னேன்.

"மார்கழியில என்னதான்யா நடக்கும்?"னு வேந்தர் ஐயா கேட்டாரு. சலிப்பா, சும்மா கேட்டாரு.

"துக்கம் ஒண்ணுதானுங்க ஐயா. அதுக்கு மாசம் கெடையாது"ன்னேன்.

சாஞ்சிருந்த வேந்தர் ஐயா நிமிந்து உக்காந்தாரு. அப்பறம் பதிவாளர், "வீட்டுல எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டாரு. அத்தனை தலைவேதனையிலயும் என்ற சம்சாரத்தை விசாரிக்கறாரு பாருங்க. அப்படியேதான் இருக்குறா சார்னேன். "செயலாளரை வேணும்னா ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்கச் சொல்லலாமா?"ன்னாரு. எனக்கு வேலைதான மொதல்ல? "ஐயோ, வேண்டாமுங்க சார். ஆஸ்பத்திரி நம்ம வளாகம், இங்க கால் வெச்சாலே எழுதோணும். உடம்பு முடியாதவங்களைப் பாக்கறதும் விதிவிலக்குல வராது"ன்னு எடுத்துச் சொன்னேன். வேந்தர் ஐயா பதிவாளரைப் பாத்தாரு. பதிவாளர் மேசையப் பாத்தாரு. "சரி, நீங்க போய்ப் பக்கத்துல இருங்க"ன்னு என்னை அனுப்பிட்டாங்க.

மறுநாளே வேந்தர் ஐயா இங்க வந்தாருங்க. இதோ, இந்தக் கண்ணாடிக்கு முன்னாலதான் நின்னாரு. நெம்ப நேரம் உள்ள பாத்துட்டே இருந்தாரு. சொந்தத் தங்கச்சியக்கூட யாரும் அப்படிப் பாக்க மாட்டாங்க. "எத்தனை நாளா இப்படி? இந்த மெசின எடுத்தா என்ன ஆகும்?"னு பெரிய டாக்டர்கிட்ட மெதுவாக் கேட்டாரு. போறப்ப என்ற தோள்ல கைய வெச்சு, "எல்லாச் செலவும் நம்முளுது, எதுக்கும் கவலப்படாதீங்க"ன்னாரு. அப்படி ஒரு மொதலாளி யாருக்கு வாய்க்கும்?

இன்னைக்குக் காலையில பதிவாளர் வந்தாரு. பக்கத்துல உக்காந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு. "நாளைக்கு வீட்டுக்குக் கொண்டு போயிடலாம் சென்னியப்பன். செயலாளரும் நேரா வீட்டுக்கு வந்துருவாரு"ன்னாரு. சார், உடம்பு முடியாதவங்களைப் பாக்க வந்தா எழுதோணுமேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க. நல்ல நேரத்துல என்னத்துக்கு விதி பேசிட்டுன்னு முழுங்கிப்போட்டேன். ரெண்டு மூணு பேப்பர் குடுத்தாரு, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். படிக்கலீங்க. கவர்மெண்டு பேப்பரைத்தான் நான் படிப்பேன். எங்க ஆபீஸ் பேப்பரை என்னைக்குப் படிச்சேன்? நீட்டுற எடத்துல போடறதுதான்.

இருங்க தம்பி, போன் அடிக்குது. மக, பெங்களூருல இருக்கறா.

சொல்லு அம்மிணி... ஏன் அழுகற? ... காரா? யாரு அனுப்புனாங்க? ... பதிவாளர் ஆபீஸுலருந்தா? பெங்களூருக்கா? பாரு, எத்தனை அக்கறை! ... அட, அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டு வர்றோம், அதுக்குத்தான்... என்ன சொன்னாங்க? ... கடைசியாப் பாக்கவா? யாரு அப்படிச் சொன்னது? டிரைவரா? அவனுக்கென்ன தெரியும், போக்கத்தவன்! நீ தைரியமா வா. ஓசூர் வந்துட்டீங்களா? சரி, சரி. வெச்சர்றேன்.

டிரைவருக எப்பவும் இப்படித்தானுங்க, வாய்க்கு வந்ததைச் சொல்லுவானுக. புள்ளை பயந்துபோச்சு. ஆடிக்கு அப்பறம் எனக்கு அவ போனே போட்டதில்ல, இன்னைக்குத்தான் அப்பான்னு கூப்புட்டா. நாளைக்கு எல்லாம் ஒட்டுக்கா இருப்போம். சுலோச்சனாவுக்கு மகளைப் பாத்தாப் பாதி நோவு தீந்துரும்.

மறுக்கா போன். இதென்ன இன்னைக்கு! பக்கத்தூட்டு அன்னக்கொடி அக்கா.

என்னக்கா? ... பந்தலா? எங்கூட்டு வாசல்லயா? ... யுனிவர்சிட்டி வண்டியிலயா வந்திருக்கறாங்க? ஆமாக்கா, அது ஒண்ணுமில்ல, நாளைக்கு செயலாளர் வர்றாரு. வெயில் அடிக்குமில்ல, அதுக்குத்தான்... சேரும் எறக்கறாங்களா? எறக்கட்டும். ... வாசல் ஓரத்துல வாஷ்பேசினா? கை கழுவறதுக்கா? ... வேந்தர் ஐயா வருவாரு, அவர்தான் துண்டு... சரிக்கா. ... பெட்டியா? என்ன பெட்டி? ... நீளமான்னா எத்தனை நீளம்? கரண்டு எங்கன்னு கேக்கறாங்களா? ஏசியா இருக்கும்க்கா, பெரிய ஆபீசர் வர்றாரில்ல, ஏசி வெக்கறாங்க போல... கண்ணாடியா? ... மேல கண்ணாடி மூடியா? ...

இல்லக்கா. இல்ல, இல்ல. அவ நல்லாத்தான் இருக்குறா. நேத்து என்ற வெரலப் புடிச்சா. எவனோ ஊடு மாறி எறக்கிட்டான். எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க, சென்னியப்பன் சொன்னான்னு... கேக்க மாட்டேங்கறாங்களா?

தம்பி. ஊடு மாறிப்போச்சுங்க. பெட்டி. வேற எங்கியோ எறக்க வேண்டியது.

வழக்கமா நடக்கறதா இருக்கோணும். அவியவிய ஊட்டு ஆளுகளுக்கு நடக்கோணும். மார்கழியில... நான்தான் சொன்னேன். நான்தானுங்க எழுதிக் கேட்டு வாங்குனேன்.

பதிவாளருக்குப் போடறேன் இருங்க. அடிக்குது... எடுக்க மாட்டேங்கறாரு. காலையில நான் போட்டுக் குடுத்தது என்ன பேப்பருங்க தம்பி? நீங்க அப்ப வந்துட்டீங்களா? பாத்தீங்களா அதை? மேல என்ன எழுதியிருந்துச்சு?

ஏனுங்க செக்யூரிட்டி, கதவைத் தொறங்க. ... என்ன ரவுண்ட்ஸ் இந்நேரத்துல? நான் யாருன்னு தெரியுமா? தெனமும் எந்திரிச்சு நின்னு வணக்கம் வெப்பீங்களே, இன்னைக்கு ஏன் மூஞ்சியத் திருப்பறீங்க? என்னைப் பாருங்க! ஒரு நிமிசம், அவ கையை மட்டும் தொட்டுட்டு வந்துர்றேன். கேக்கறது என்ற பொண்டாட்டிய... திரையப் போட்டிருக்காங்களா? எந்தப் பெட்டுக்கு? மொதப் பெட்டுக்கா?

சுலோச்சனா!

தம்பி, நான் பாட்டுக்கு இத்தனை நேரம் பேசிட்டே இருந்துபோட்டேன். என்ற பேச்சுல ஒண்ணும் காதுல விழலை. இப்ப நிறுத்திர்றேன். நீங்க சின்ன வயசு, உங்களுக்குக் காது நல்லாக் கேக்கும். கதவுகிட்ட வந்து நின்னு சொல்லுங்க. அந்தச் சத்தம் வருதுங்களா?